வலியைத் தேடிய டாக்டர்

கால் வலி இல்லாத வீடு உண்டா? பாட்டிக்கு முழங்கால் வலி. காலை முதல் தறியில் உட்காரும் அப்பாவுக்கு இடுப்பு வலி, கணுக்கால் வலி. போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் மகனுக்கு, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி. இந்த வலி தொலைந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஆனால், வலியே தெரியாத கால் உள்ளவர்களும் உலகில் இருக்கிறார்கள். ஆணி ஏறினாலும் அவர்களுக்குத் தெரியாது. நெருப்புச் சுட்டாலும் தெரியாது. அப்படிப்பட்டவர்களின் நடுவே ஒரு டாக்டர் தம் வாழ்நாளைக் கழித்தார். வலி தெரியாத கால் எப்படிக் கெடுகிறது என்று ஆராய்ந்தார். அதிலிருந்து, வலி தெரிகிற காலை எப்படிக் காப்பாற்றுவது என்ற ரகசியமும் வெளியே வந்தது.

அந்த டாக்டரின் பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது தமிழ்நாட்டில்!

அவருடைய ஆராய்ச்சிக்கு விதை விழுந்த ஊர் செங்கல்பட்டு. அது செடியாகி மரமான ஊர் வேலூர். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பக்கம் சுமார் 40 கிலோ மீட்டர் போனால் செங்கல்பட்டு. மறு பக்கம் சுமார் 70 கிலோ மீட்டர் போனால் வேலூர். இவ்வளவு பக்கத்தில் நடந்த கதை, நம் ஊர்ப் பக்கம் பலருக்குத் தெரியாது.

கொல்லிமலையில் பிறந்தார்

1914-ம் ஆண்டு ஜூலை மாதம் 17-ந் தேதி பால் பிராண்ட் பிறந்தார். பிறந்த இடம் கொல்லிமலை. இப்போது நாமக்கல் மாவட்டம். தந்தை பெயர் ஜெசி. தாயார் பெயர் ஈவ்லின். இருவரும் கிறிஸ்தவ ஊழியர்கள்.

அப்போது கொல்லிமலைக்கு மோட்டார் பாதை கிடையாது. ஏறித்தான் போக வேண்டும். ஜெசி, மலை மக்களுக்கு மருந்து கொடுப்பார். பல் பிடுங்குவார். காலில் நரம்புச் சிலந்திப் புழு வந்தால், அதை ஒரு குச்சியில் மெல்ல மெல்லச் சுற்றி வெளியே எடுப்பார். பையன் பால் பக்கத்தில் நின்று பார்ப்பான். ரத்தமும் சீழும் அவனுக்கு அருவருப்பாக இருந்தன. டாக்டர் தொழிலே வேண்டாம் என்று அப்போதே மனதில் முடிவு செய்துவிட்டான்.

ஒரு நாள், முன்பின் தெரியாத 3 பேர் மலை ஏறி வந்தார்கள். அவர்களுடைய கை விரல்கள் குட்டையாக இருந்தன. கால்களில் புண். ஜெசி வழக்கம் போல் வெறுங்கையால் தொடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு புண்ணைக் கழுவிக் கட்டினார். பழம் வைத்துக் கொடுத்த கூடையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டு வரவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று பாலுக்கும் தங்கை கானிக்கும் கண்டிப்பான உத்தரவு. அது குஷ்டம் என்று அப்போது சொல்லப்பட்ட தொழுநோய். பையன் மனதில் அந்தப் பயம் பதிந்துவிட்டது.

9-வது வயதில் (1923) படிப்புக்காக அண்ணனும் தங்கையும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். தந்தை தவறாமல் கடிதம் எழுதுவார். கடிதம் கப்பலில் வரப் பல வாரம் ஆகும். 1929-ம் ஆண்டு ஒரு தந்தி வந்தது. தந்தை மலைக் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று செய்தி. பாலுக்கு இன்னும் 15 வயது நிரம்பவில்லை. தந்தி வந்த பிறகும், தந்தை முன்பே எழுதி அனுப்பிய கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. மலையில் என்ன பூ பூத்தது, எந்தக் குருவி வந்தது என்றெல்லாம் எழுதிய கடிதங்கள். இறந்து போனவர் எழுதிய கடிதத்தை உட்கார்ந்து படிப்பது என்றால் அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

கொத்தனார், பிறகு டாக்டர்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பால், கட்டிட வேலை பழகினார். கல் அடுக்கினார். மரம் இழைத்தார். கட்டிடத்தில் எந்த இடம் எவ்வளவு பாரம் தாங்கும், எது எப்போது விரிசல் விடும் என்று கற்றுக்கொண்டார். இது வீண் போகவில்லை. பிற்காலத்தில் மனிதக் காலையும் அவர் ஒரு கொத்தனார் கண்ணோடுதான் பார்த்தார்.

இந்தியாவுக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் வைத்தியமும் தெரிய வேண்டும் என்று ஒரு பயிற்சிக்குப் போனார். அங்கே, ரத்தம் இழந்து செத்தவள் போல் கிடந்த ஒரு பெண்ணுக்கு வேறு ரத்தம் ஏற்றியதைப் பார்த்தார். வெளுத்த முகத்தில் உயிர் திரும்பியது. ரத்தத்தின் மேல் இருந்த அருவருப்பு அன்றோடு போயிற்று. லண்டனில் டாக்டர் படிப்பில் சேர்ந்தார். படிப்பு முடிகிற நேரம் இரண்டாவது உலகப் போர். விமானங்கள் குண்டு வீசும். கட்டிடம் இடியும். சிதைந்த கை கால்களோடு ஆட்கள் வந்து குவிவார்கள். அந்த நெருக்கடியில் அவர் ரண சிகிச்சை நிபுணர் ஆனார். கூடப் படித்த மார்கரெட்டை 1943-ல் மணந்தார்.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

கை குலுக்கியபோது

அடுத்த ஆண்டு, தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையம் இருந்தது. நூற்றுக்கணக்கான நோயாளிகள். பருந்தின் நகம் போல் மடங்கிய கைகள்.

பிராண்ட் ஒரு நோயாளியிடம், தம் கையைப் பிடித்து அழுத்தும்படி கேட்டார். இவ்வளவு கெட்டுப்போன கையில் என்ன பலம் இருக்கப் போகிறது என்பது அவர் நினைப்பு. அந்த மனிதர் அழுத்தினார். பிராண்டுக்கு உயிர் போகிற வலி! விரல் நகங்கள் அவர் கையில் புதைந்தன. அவர் கையை உதறிக்கொண்டார். அழுத்திய மனிதருக்கோ, தாம் எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதே தெரியவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் பிராண்ட் இரண்டு விஷயம் கண்டுகொண்டார். ஒன்று, அந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு, அந்தக் கைக்கு அளவு சொல்ல ஆள் இல்லை.

முதல் விஷயத்தை வைத்து அவர் உலகப் புகழ் பெற்றார். நல்ல தசையின் நாணை எடுத்து, செயல் இழந்த விரலோடு இணைத்துத் தைத்தார். மடங்கிய விரல் நீண்டது. ஆனால், தைத்தால் மட்டும் போதாது. வேறு வேலை செய்துகொண்டிருந்த தசைக்குப் புது வேலை பழக்க வேண்டும். அதற்குத்தான் பிசியோதெரபி. ரூத் தாமஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வேலூரில் அந்த வேலையைச் செய்தார். தினம் கொஞ்சமாகப் பயிற்சி. ஒரேயடியாக இழுத்தால் தையல் விட்டுப் போகும். சும்மா வைத்திருந்தால் விரல் விறைத்துப் போகும். இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். இந்த நடுப்பாதைதான் பிராண்டின் பிற்கால ஆராய்ச்சி முழுவதும் வந்தது.

எலியும் அரிக்கன் விளக்கும்

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்று அப்போது டாக்டர்களே நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. தாம் வைத்த கத்தியின் காயம் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே இவர்களுக்கும் ஆறுகிறதே! சதை கெட்டது என்றால் இது எப்படி ஆறும்?

ஒரு நாள் அவர் ஒரு துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் பார்த்தார். சாவி திரும்பவில்லை. அங்கே இருந்த 10 வயது நோயாளிப் பையன் வாங்கித் திருகினான். பூட்டு திறந்தது. தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். சாவி, பையனின் விரலை எலும்பு வரை கிழித்திருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மற்றொரு இளைஞர், கை குணமாகிச் சென்னையில் தம் வீட்டுக்குப் போனார். முதல் இரவு தூங்கி எழுந்தால் விரலில் சதை இல்லை. எலி கடித்துத் தின்றுவிட்டது. மறு இரவு தூங்கவே கூடாது என்று விளக்கின் முன் புத்தகத்தோடு உட்கார்ந்தார். கண் அசந்தது. மற்றொரு கை அரிக்கன் விளக்கின் கண்ணாடி மேல் சாய்ந்தது. விடியும்போது அந்தக் கையும் வெந்து போயிருந்தது. அழுதுகொண்டே வேலூருக்குத் திரும்பி வந்தார். இதற்குப் பிறகு, வீடு திரும்பும் நோயாளிகள் ஆளுக்கு ஒரு பூனையோடு போக வேண்டும் என்று பிராண்ட் ஏற்பாடு செய்தார். சிரிப்பு வரலாம். பல விரல்களைக் காப்பாற்றியது அந்தப் பூனைதான்.

வேலூரில் நோயாளிகளுக்காக நவஜீவ நிலையம் என்று ஒரு சிறு குடியிருப்பு அமைத்தார். அங்கே அவரே தச்சு வேலை கற்றுக் கொடுத்தார். தினமும் கை கால்களைப் பரிசோதிப்பார்கள். கொப்புளம் இருந்தால், எந்தக் கருவியால் வந்தது என்று துப்பறிவார்கள். மறுநாள் அந்தக் கருவியின் பிடியை மாற்றுவார்கள். சதையில் குற்றம் இல்லை, வலி தெரியாததுதான் குற்றம் என்பது இப்படி நிரூபணம் ஆயிற்று.

ஊசி குத்திக்கொண்ட இரவு

1950-களில் ஒரு முறை அமெரிக்காவிலிருந்து கப்பலில் இங்கிலாந்து வந்தார். அங்கிருந்து ரெயிலில் லண்டன் சேர்ந்தார். உடம்பு சரியில்லை. இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியை எடுத்துக் குத்தினார். ரத்தம் வந்தது. வலி வரவில்லை!

தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே நினைத்தார். மனைவி, குழந்தைகளை விட்டுப் பிரிய வேண்டும். கத்தி பிடிக்க முடியாது. இரவு முழுவதும் தூக்கம் இல்லை. காலையில் எழுந்து மறுபடியும் ஊசியை ஆழமாகக் குத்தினார். வலித்தது. அலறிவிட்டார். அந்த வலியைப் போல் இனிமையான ஒன்றை அவர் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. ரெயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருக்கிறது. அவ்வளவுதான். அன்று முதல், வலி எதிரி அல்ல என்பது அவருக்குப் படிப்பாக இல்லாமல் அனுபவமாகிவிட்டது.

நெசவாளர்களுக்கு இது புரியும். தறியில் நெடுநேரம் ஒரே பக்கம் உட்கார்ந்தால் கால் மரக்கும். உடனே நம்மை அறியாமலே உடம்பை அசைத்து வேறு பக்கம் சாய்கிறோம். அசை என்று கட்டளை போடுவது யார்? அந்தச் சின்ன வலிதான். அந்தக் கட்டளை வராதவனுக்கு, உட்கார்ந்த இடத்திலேயே சதை ரத்த ஓட்டம் இன்றிச் செத்துவிடும்.

ஓடிப் பார்த்தார்

பிராண்டுக்கு 1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு பிரிட்டிஷ் அரசு பட்டம் அளித்தது. 1966-ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். வேலூரில் மனதில் இருந்த கேள்விக்கு அங்கேதான் கருவிகள் கிடைத்தன.

கேள்வி இதுதான். ஆணி குத்தினால் புண் வரும். தீச் சுட்டால் புண் வரும். சரி. ஆணியும் இல்லை, தீயும் இல்லை, சும்மா நடந்தவனுக்கு உள்ளங்காலில் ஏன் புண் வருகிறது?

எலியின் பாதத்தை ஓர் இயந்திரம் மெல்லத் தட்டும்படி ஏற்பாடு செய்தார். லேசான தட்டுத்தான். ஒரு முறை தட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாள் ஒன்றுக்குச் சுமார் 10,000 முறை தட்டினார். முதலில் பாதம் சிவந்தது. பிறகு வீங்கிச் சூடேறியது. வீங்கிய பிறகும் அதே அளவு தட்டவே, சில நாட்களில் புண்ணாகிக் கிழிந்தது.

இன்னொரு கூட்டம் எலிகளுக்குத் தட்டும் எண்ணிக்கையைக் குறைத்தார். வாரக் கடைசியில் ஓய்வு கொடுத்தார். என்ன ஆச்சரியம்! அந்த எலிகளின் பாதம் கிழியவில்லை. தோல் தடித்து, முன்னைவிட உறுதிப்பட்டுவிட்டது. ஒரே இயந்திரம். ஒரே தட்டு. ஓய்வு இல்லாத இடத்தில் புண். ஓய்வு உள்ள இடத்தில் பலம்.

அடுத்து மனிதக் கால். மெல்லிய காலுறையில் நுண்ணிய சாயக் குமிழிகளை வைத்தார். எந்த இடத்தில் அதிகம் அழுத்தம் விழுகிறதோ அங்கே குமிழி உடைந்து நீலம் பரவும். உடம்பின் சூட்டைப் படம் பிடிக்கும் கருவியும் இருந்தது. கார்வில் ஆஸ்பத்திரியில் நீண்ட தாழ்வாரங்கள் உண்டு. பிராண்ட் தாமே அதில் பல மைல் ஓடினார். நடுநடுவே நின்று காலைப் படம் எடுத்தார்.

படத்தில் ஒரு புதுமை தெரிந்தது. ஓட்டம் தொடங்கும்போது ஓர் இடத்தில் அழுத்தம் விழுந்தது. அந்த இடம் சூடேறியதும், கால் தானாகவே சாய்ந்து வேறு இடத்தில் ஊன்றியது. அதுவும் களைத்ததும் இன்னோர் இடம். ஓடுகிறவருக்கே தெரியாமல் கால் தன்னை மாற்றி மாற்றிக் காத்துக்கொள்கிறது. தொழுநோயாளிகளுக்கும் அதே சோதனை செய்தார். அவர்கள் முதல் அடியை எங்கே ஊன்றினார்களோ, கடைசி அடியையும் அங்கேயேதான் ஊன்றினார்கள். பாரம் முழுவதும் ஒரே இடத்தில். புண் வராமல் என்ன செய்யும்?

பிராண்ட், ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் தயாரித்தவர் அல்ல. பதக்கம் வாங்கிக் கொடுத்தவரும் அல்ல. ஆனாலும், ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபி நிபுணர்கள் சொல்வதும், அந்த எலிகள் சொன்னதும் ஒன்றேதான்.

போலீஸ் வேலைக்கு ஓடும் பிள்ளைகள்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துப் பரீட்சை முடியும் வரை பிள்ளைகள் புத்தகமும் கையுமாக இருப்பார்கள். முடிவு வந்த மறுநாள் விடியற்காலையில் தார் ரோட்டில் ஓட ஆரம்பிப்பார்கள். முதல் நாளே 5 கிலோ மீட்டர்!

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 60 கிலோ எடை உள்ள பையன் என்றால், ஒவ்வொரு அடிக்கும் 120 முதல் 180 கிலோ. இப்படி ஆயிரக்கணக்கான அடிகள். நெஞ்சும் மூச்சும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பு அப்படி அல்ல. புதுப் பாரம் வந்தால் அது முதலில் பழைய பகுதியைக் கரைக்கும். பிறகுதான் புதிதாகக் கட்டும். இடையில் சில வாரங்கள் எலும்பு பலவீனமாகவே இருக்கும். அப்போது ஓய்வு இன்றி ஓடினால் மயிரிழை போல் விரிசல் விடும். கொத்துப் பூச்சு காயும் முன் பாரம் ஏற்றுவது போலத்தான்.

இது புதுச் சங்கதி அல்ல. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் கால் வீங்குவதை, 1855-லேயே பிரஷ்ய ராணுவ டாக்டர் பிரைட்ஹாப்ட் எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகு, அது பாதத்து எலும்பின் முறிவு என்று தெரிந்தது.

அதனால்தான் பிசியோதெரபி நிபுணர்கள் அவசரப்படுத்துவதில்லை. கொஞ்ச தூரம் ஓடு, கொஞ்ச தூரம் நட என்கிறார்கள். வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்கிறார்கள். நடுவில் ஓய்வு நாள் வைக்கிறார்கள். ஆடுசதைக்கும் தொடைக்கும் பலம் கொடுக்கும் பயிற்சி தருகிறார்கள். ஓடியதும் வலித்து, இரவு தூங்கி எழுந்ததும் போய்விடும் பரவலான சதை வலிக்கு அவர்கள் பயப்படுவதில்லை. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், எலும்பின் மேல் வலித்து, அது நாளுக்கு நாள் ஏறினால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புகிறார்கள்.

சில பையன்கள் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். எந்த உணர்ச்சி இல்லாமல் செங்கல்பட்டில் அந்த மனிதர்கள் விரலையும் காலையும் இழந்தார்களோ, அந்த உணர்ச்சியைக் காசு கொடுத்துப் போக்கிக்கொள்கிறார்கள்!

தோற்றுப் போன கருவி

உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் செயற்கை வலி உண்டாக்கித் தரலாம் என்று பிராண்ட் ஆசைப்பட்டார். அழுத்தத்தை அளக்கும் நுண்கருவிகளைக் கையுறையிலும் காலுறையிலும் வைத்தார். அளவு மீறினால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. பிறகு, அக்குளில் மின்சார அதிர்ச்சி தரும்படி மாற்றினார். அதிர்ச்சி வரும் என்று தெரிந்த வேலையைச் செய்யும்போது, நோயாளி விசையை அணைத்துவிட்டு வேலையை முடிப்பார். பிறகு விசையைப் போட்டுக்கொள்வார். பல ஆண்டு உழைப்பு வீண். நிறுத்த முடிகிற வலியால் பயன் இல்லை என்று தெரிந்துகொண்டு பிராண்ட் அந்த முயற்சியைக் கைவிட்டார். அந்தத் தோல்வியைத் தம் நூலில் ஒளிக்காமல் எழுதினார்.

அவருடைய தாயார் ஈவ்லின், கணவர் இறந்த பிறகும் மலைகளை விட்டுப் போகவில்லை. கால்கள் வலுவிழந்த பிறகும் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். குதிரையில் ஏறி மலைக் கிராமங்களுக்குப் போனார். 1974-ல் 95 வயதில் இறந்தார்.

பால் பிராண்ட் 1986-ல் ஓய்வு பெற்று, மனைவியோடு சியாட்டில் நகரில் வாழ்ந்தார். 2003-ம் ஆண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி இறந்தார். இன்னும் 9 நாள் இருந்தால் அவருக்கு 89 வயது நிரம்பியிருக்கும்.

தொழுநோய் இப்போது மருந்தால் முழுவதும் குணமாகிறது. மருந்து இலவசம். ஆனால் உணர்ச்சி இல்லாத கால்கள் குறையவில்லை. சர்க்கரை நோய் அந்த வேலையைச் செய்கிறது. பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் வேலூரில் மரம், மெழுகு, பிளாஸ்டிக் என்று பலவற்றில் செருப்புச் செய்து பார்த்து, கடைசியில் மிருதுவான ரப்பரில் செருப்புச் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று மருந்துக் கடைகளில் விற்பது அந்த ரப்பர்தான். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி ஆஸ்பத்திரியில் பாதத்தை அளந்து செருப்புச் செய்து தருகிறார்கள்.

புதுச் செருப்பை வாங்கியதும் நாள் முழுவதும் போட்டு நடக்கக் கூடாது. முதல் நாள் அரை மணி நேரம். பிறகு கழற்றி, பாதம் முழுவதும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்காவது மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா? இருந்தால் செருப்போடு திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால், மறுநாள் ஒரு மணி நேரம்.